மருமகள் காத்த ஷாம்பெயின் வீடு

கேள்வி (ஜனவரி 14)

மூன்று தலைமுறைக்கு மேல் எந்தக் குடும்பத் தொழிலும் நிற்காது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். பிரான்ஸில் ஷாம்பெயின் என்ற நுரை ஒயின் செய்கிற குடும்பங்கள் மட்டும் ஐந்து, ஆறு தலைமுறையாக நடத்துகிறோம் என்று சொல்லிக்கொள்கின்றன. அது உண்மையா, விளம்பரமா? அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து பேரனுக்கு என்று அப்படியேவா வருகிறது?

ஜனவரி 14, இரவு

பாதி உண்மை. பெரிய பெயர்களில் பல இப்போது குடும்பத்தின் கையில் இல்லை. வெவ் க்லிகோ, ருய்னார், மெர்சியே, க்ருக் நான்கும் எல்விஎம்ஹெச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமத்தில் இருக்கின்றன. 1843-இல் தொடங்கிய க்ருக் 1999-இல் அங்கே போனது. இன்னும் குடும்பத்திடம் இருப்பவற்றில் பொலான்ஜே, போல் ரோஜே, ரோதெரேர் மூன்றும் முக்கியமானவை.

ஆனால் அப்பா, பிள்ளை, பேரன் என்று நேர்கோடாக வருவது அபூர்வம். எனக்கு நன்றாகத் தெரிந்த கதை பொலான்ஜேயுடையது. அந்தப் பெயரே ஒரு மருமகனுடைய பெயர். நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 15

ஆயி என்பது மார்ன் ஆற்றின் கரையில், எபெர்னே நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சிற்றூர். அங்கே வில்லெர்மோன் என்ற பிரபுக் குடும்பத்துக்குத் திராட்சைத் தோட்டங்கள் இருந்தன. அத்தனாஸ் த வில்லெர்மோன் கடற்படைக்காரர். அந்தக் காலத்துப் பிரபு தன் பெயரைப் போட்டு வியாபாரம் செய்வது கௌரவக் குறைவு. அதனால் பெயரை வெளியில் காட்டாமல் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார். ஒருவர் போல் ரெனோதான். இன்னொருவர் ஜெர்மனியின் வுர்ட்டம்பெர்க் பகுதியிலிருந்து பிழைக்க வந்த ஜோசப் பொலான்ஜே. 1829 பிப்ரவரியில் நிறுவனம் தொடங்கியது. லேபிளில் ரெனோதான், பொலான்ஜே என்ற இரண்டு பெயர்கள்தான். தோட்டத்துக்குச் சொந்தக்காரரின் பெயர் இல்லை.

1837-இல் ஜோசப், வில்லெர்மோனின் மகள் லூயிஸ் ஷார்லோத்தைக் கல்யாணம் செய்துகொண்டார். ரெனோதான் பிறகு விலகிவிட்டார். ஆக, மண் மாமனாருடையது, உழைப்பும் பெயரும் மாப்பிள்ளையுடையது. முதல் தலைமுறையிலேயே சொத்து பெண் வழியாகத்தான் வருகிறது.

1884-இல் ஜோசப் இறந்தார். விக்டோரியா அரசியின் அரண்மனைக்கு ஷாம்பெயின் கொடுக்கும் உரிமை கிடைத்ததும் அதே ஆண்டு. பிள்ளைகள் தோட்டங்களைப் பெருக்கினார்கள். பிறகு பேரன் ஜாக். இதுவரைக்கும் நீங்கள் கேட்ட நேர்கோடுதான். ஜாக்கோடு அந்தக் கோடு நின்றுவிட்டது.

ஜனவரி 15, கொஞ்ச நேரம் கழித்து

ஜாக் பொலான்ஜே முதல் உலகப் போரில் விமானி. 1923-இல் எலிசபெத் என்பவரைக் கல்யாணம் செய்தார். எல்லோரும் அவரை லில்லி என்றே அழைத்தார்கள். குழந்தை இல்லை. இரண்டாம் போர் வந்தபோது ஜாக் ஆயியின் மேயர். ஜெர்மானியர் ஊருக்குள் இருக்கும்போதே, 1941-இல் இறந்துபோனார்.

லில்லிக்கு அப்போது 42 வயது. ஆக்கிரமிப்பு நடக்கிறது, ஆட்கள் இல்லை, பெட்ரோல் இல்லை, ஜெர்மானியருக்குப் பாட்டில்கள் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒரு விதவை விற்றுவிட்டுப் போவதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. அவர் விற்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார். 1944 ஆகஸ்டில் குண்டுவீச்சில் ஊரின் ஒரு பகுதி அழிந்தது. அதற்குப் பிறகும் நடத்தினார். 1971 வரை, முப்பது ஆண்டுகள்.

அவர் லண்டன் பத்திரிகை ஒன்றுக்குச் சொன்ன ஷாம்பெயின் வாசகம் எல்லா இடத்திலும் இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். அதை மட்டும் தெரிந்துவைத்திருப்பவர்கள் லில்லியை விருந்து மேசைப் பெண்மணியாக நினைத்துவிடுகிறார்கள். அவர் காலையில் எழுந்து கொடிகளைப் பார்க்கப் போன முதலாளி.

ஜனவரி 17

"ஷாம்பெயினில் ஏன் இத்தனை விதவைகள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. 'வெவ் க்லிகோ' என்ற பெயரில் 'வெவ்' என்றால் விதவை. அந்தப் பார்ப்-நிக்கோல் க்லிகோவுக்கு 1805-இல் கணவர் இறந்தபோது வயது 27. பொம்மரி வீட்டை (ஷாம்பெயின் நிறுவனத்தை வீடு என்றுதான் சொல்வார்கள்) லூயிஸ் பொம்மரி நடத்தினார். இனிப்புக் குறைந்த ஷாம்பெயினை 1874 திராட்சையில் சந்தைக்குக் கொண்டுவந்து வெற்றி கண்டவர் அவர். ரோதெரேரில் கமில், 1930-களிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல். அப்புறம் லில்லி.

காரணத்தில் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1804-இல் நெப்போலியன் கொண்டுவந்த உரிமையியல் சட்டத்தில் மணமான பெண் கணவனின் அதிகாரத்துக்குக் கீழே இருந்தாள். அவன் சம்மதமில்லாமல் தொழில் நடத்த முடியாது, ஒப்பந்தம் போட முடியாது. விதவைக்கு அந்தக் கட்டு இல்லை. கணவன் இறந்த அன்றுதான் அவளுடைய கையெழுத்துக்கு மதிப்பு வந்தது. பிரான்ஸில் மனைவி கணவனைக் கேட்காமல் தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கவும் வேலைக்குப் போகவும் முடிந்தது 1965-இல்தான். அதாவது, லில்லி இருபத்து நான்கு ஆண்டுகளாக முதலாளியாக இருக்கும் காலத்தில், அவருடைய தோட்டத்தில் வேலை செய்கிற மணமான பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை.

விதவை என்ற பட்டத்தை லேபிளில் போட்டு விற்றதை வியாபாரத் தந்திரம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத் தெரிகிறது. உள்ளே இருந்த திறமைக்கு வெளியே வர வேறு வாசல் திறந்திருக்கவில்லை. கணவன் உயிரோடு இருந்த வீடுகளில் எத்தனை க்லிகோக்கள் கணக்கு நோட்டைத் தொடாமலே போனார்களோ.

ஜனவரி 20

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு என் உண்மையான பதில். இந்தத் தொழிலில் வாரிசு யாருடைய இரத்தம் என்பதைவிட, நிலவறையில் என்ன விட்டுப்போனார்கள் என்பது முக்கியம்.

எப்படிச் செய்கிறார்கள் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். திராட்சையைப் பிழிந்து முதலில் சாதாரண ஒயின் ஆக்குகிறார்கள். பல ஊர்களின், பல ஆண்டுகளின் ஒயின்களைக் கலக்கிறார்கள். பிறகு லிட்டருக்கு சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்துப் பாட்டிலை மூடுகிறார்கள். மூடிய பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து, வெளிக்காற்றைப் போல ஆறு மடங்கு அழுத்தம் வருகிறது. நுரை அங்கேதான் பிறக்கிறது. செத்த ஈஸ்ட் வண்டலாகப் படிகிறது; அந்த வண்டலோடு எவ்வளவு காலம் கிடக்கிறதோ அவ்வளவு சுவை ஏறும். கடைசியில் பாட்டிலை மெல்ல மெல்லத் திருப்பித் தலைகீழாக்கி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவந்து வெளியேற்றி, கார்க் போடுகிறார்கள்.

சட்டப்படி பாட்டிலில் 15 மாதம் இருந்தால் போதும். ஒரே ஆண்டின் திராட்சை என்று லேபிளில் ஆண்டு போட்டால் 3 ஆண்டு. பொலான்ஜே தன் வழக்கமான ஸ்பெஷல் குவேயை ஏறக்குறைய 3 ஆண்டு வைக்கிறது. ஆண்டு போட்ட 'க்ராந்த் அனே' ஏழெட்டு ஆண்டு கிடக்கிறது. அத்தனை காலமும் பணம் நிலவறையில் தூங்குகிறது. ஷாம்பெயின் பகுதி முழுவதற்கும் பார்த்தால், 2024-இல் சுமார் 27 கோடி பாட்டில் விற்றது. நிலவறைகளில் கிடப்பது 100 கோடிக்கும் மேல்.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. 1892 முதல் பொலான்ஜே நல்ல ஆண்டுகளின் ஒயினைத் தனியே எடுத்து, ஊர் வாரியாக, ஆண்டு வாரியாகப் பிரித்து, மேக்னம் பாட்டில்களில் கார்க் போட்டு வைத்துவருகிறது. ஒன்றரை லிட்டர் பாட்டில். கெடாமலிருக்க லேசாக நுரை வரும்படி விடுகிறார்கள். ஐந்து முதல் பதினைந்து ஆண்டு வரை கிடக்கும். இப்படி லட்சக்கணக்கான பாட்டில். கலக்கும்போது ஒவ்வொன்றாகக் கையால் திறந்து ஊற்ற வேண்டும். தொட்டியில் வைத்தால் செலவு எவ்வளவோ குறையும்.

இதை விதைநெல் என்று சொன்னால் நம் ஆட்களுக்குச் சட்டென்று புரியும். பஞ்சம் வந்தாலும் உலையில் போட மாட்டார்கள். லில்லி பொறுப்பேற்ற அன்று அவர் கையில் வந்தது இதுதான். அவர் விட்டுப்போனதும் இதுதான்.

ஜனவரி 21

"அப்படியானால் எந்தப் பணக்காரக் கம்பெனியும் இதைச் செய்யலாமே, குடும்பம் எதற்கு?" செய்யலாம், செய்கிறவர்களும் இருக்கிறார்கள். க்ருக் இன்றைக்கும் குழுமத்துக்குள் இருந்துகொண்டே பழைய ஒயின்களைச் சேர்த்து வைத்து அருமையாகச் செய்கிறது. இதை யோசிக்காமல் "குடும்பம் இருந்தால்தான் தரம்" என்று நான் எழுத மாட்டேன். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டிய மேலாளருக்கு, பதினைந்து ஆண்டு கழித்துத் திறக்கப்போகிற மேக்னத்தை நியாயப்படுத்துவது கஷ்டம். குடும்பத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கிற ஆளே அதைத் திறக்கப்போகிறவரின் அத்தையாகவோ மாமாவாகவோ இருக்கிறார்.

ஜனவரி 26

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு செய்தி. நான் அங்கே வளர்ந்தவன், இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்குக் கை கால் ஓடவில்லை.

லில்லியின் பிறந்த வீட்டுப் பெயர் லா த லோரிஸ்தோன்-புபேர். நம் வெள்ளை நகரத்தில் லா த லோரிஸ்தோன் பெயரில் ஒரு வீதி இருக்கிறதே, அந்தக் குடும்பத்தின் ஒரு கிளைதான். ஸ்காட்லாந்திலிருந்து பிரான்ஸுக்கு வந்தவர்கள். 1720-இல் பிரான்ஸின் பணத்தையே கவிழ்த்துப்போட்ட நிதிக்காரர் ஜான் லா இவர்களுக்குப் பெரியப்பா முறை. அவருடைய தம்பி பிள்ளைகள் இருவர் இந்தியாவுக்கு வந்தார்கள். ஒருவர் ஜாக் லா. திருச்சி முற்றுகையின்போது ஸ்ரீரங்கத்தில் படையோடு மாட்டிக்கொண்டு 1752-இல் ஆங்கிலேயரிடம் சரணடைந்தவர். பிரெஞ்சுக்காரர் ஆதரித்த நவாப் சந்தா சாகிப்பின் தலை போனதும் அதே நாட்களில்தான். இன்னொருவர் ழான் லா. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் ஊர் திரும்பக் கிடைத்தபோது கவர்னராக வந்து அதைத் திரும்பக் கட்டியவர் அவர். அவருடைய மகன் 1768-இல் புதுச்சேரியில் பிறந்து, பின்னாளில் பிரான்ஸின் மார்ஷல் ஆனார்.

சின்ன வயதில் அந்த வீதியில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். பிறகு பிரான்ஸில் மாணவனாக இருந்த காலத்தில், செப்டம்பரில் ஆயிக்கு மேலே இருக்கிற சரிவுகளில் கூலிக்குத் திராட்சை பறிக்கப் போனேன். அங்கே குலைகள் இடுப்புக்குக் கீழேதான் தொங்கும், நாள் முழுக்கக் குனிந்தே பறிக்க வேண்டும். கீழே ஊரில் பொலான்ஜே வீடு தெரியும். இரண்டு இடத்துக்கும் நடுவே இப்படி ஒரு பெண் இருந்தார் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 2

விற்றுப்போன குடும்பங்களைப் பற்றிக் கேட்டீர்கள். அதிலிருந்துதான் நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

தெத்தான்ஜே: 2005-இல் குடும்பத்தின் பங்குதாரர்கள் மொத்தக் குழுமத்தையும் ஓட்டல்களோடு சேர்த்து அமெரிக்காவின் ஸ்டார்வுட் நிறுவனத்துக்கு விற்றார்கள். அந்த நிறுவனத்துக்கு ஓட்டல்தான் வேண்டியிருந்தது. குடும்பத்தில் ஒருவரான பியேர்-எம்மானுவேல் தெத்தான்ஜே மட்டும் விடவில்லை. ஒரு வட்டார வங்கியைச் சேர்த்துக்கொண்டு 2006-இல் ஷாம்பெயினைத் திரும்ப வாங்கினார். 2020 முதல் அவருடைய மகள் வித்தாலி தலைவர். தாத்தாவின் பெயரைக் கடன் வாங்கி மீட்ட மனிதர் அவர். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

கொதோர்நியு: இது ஸ்பெயினின் கத்தலோனியாவில். ரவெந்தோஸ் குடும்பம். ஒயின் செய்த சான்று 1551 வரை போகிறது. 1872-இல் ஷாம்பெயின் முறையில் நுரை ஒயின் செய்ய ஆரம்பித்தார்கள். கடைசியில் பங்குதாரர்கள் இருநூறுக்கும் மேல் ஆகிவிட்டார்கள். 2018-இல் பெரும்பங்கு கார்லைல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குப் போனது. அதே ஆண்டில் அவர்களுடைய போட்டியாளர் ஃப்ரெய்ஷெனெத்திலும் பாதிக்கு மேல் ஜெர்மன் நிறுவனம் ஹென்கெல் வாங்கியது.

இதில் சண்டை, ஊதாரித்தனம் எல்லாம் தேடத் தேவையில்லை. பிரெஞ்சுச் சட்டம் ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு கொடுக்கிறது. நியாயமான சட்டம். ஆனால் நான்கு தலைமுறை போனால் ஒரு நிலவறைக்கு நூறு சொந்தக்காரர்கள். அதில் தொண்ணூறு பேர் வேறு ஊரில், வேறு வேலையில் இருப்பார்கள். அவர்களுக்கு மேக்னம் வேண்டாம், ஆண்டுக்கு ஒருமுறை பணம் வேண்டும். அதுவும் நியாயம்தான்.

வரி இன்னொரு பக்கம். பிரான்ஸில் பெற்றோர் சொத்து பிள்ளைக்கு வரும்போது உச்ச வரி 45 சதவீதம். உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்குப் போனால் 55. ஷாம்பெயினில் நிலம் சராசரியாகவே எக்டேருக்குப் பத்து லட்சம் யூரோ அளவில் விலை போகிறது. விலை ஏற ஏற, விற்காமல் வரி கட்டவே முடியாத நிலை. 2003-இல் வந்த துத்ரெய் சட்டப்படி, சில ஆண்டுகள் பங்கை விற்க மாட்டோம் என்று வாரிசுகள் சேர்ந்து எழுதிக் கொடுத்தால், தொழிலின் மதிப்பில் முக்கால் பங்குக்கு வரி இல்லை. இது இல்லாவிட்டால் இன்னும் பல பெயர்கள் கைமாறியிருக்கும்.

பிப்ரவரி 3

நேற்று எழுதியதைப் படித்தபோது பெரிய வீடுகளை மட்டுமே பேசியது உறுத்தியது. நான் பறிக்கப் போனது ஒரு சின்ன விவசாயக் குடும்பத்துக்கு. சில எக்டேர்தான். தங்கள் திராட்சையில் பெரும்பகுதியைப் பெரிய வீடுகளுக்கு விற்றுவிட்டு, மிச்சத்தில் தங்கள் பெயரில் கொஞ்சம் பாட்டில் போடுவார்கள். மதியம் நீளமான மேசையில் எல்லாருக்கும் சாப்பாடு. பாட்டியம்மா கடைசியாகத்தான் உட்காருவார். பெரியவர் போன பிறகு பிள்ளைகள் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் தன் பங்கை விற்றார். இன்னொருவரிடம் மிஞ்சியது தனியாகப் பாட்டில் போடக் கட்டுப்படியாகாத அளவு. இப்போது அவர் திராட்சை மட்டும் விற்கிறார், லேபிள் இல்லை. யார் மேலும் குற்றமில்லை. எனக்கு இன்றைக்கும் அந்த லேபிளின் நிறம் கண்ணில் நிற்கிறது.

லில்லியின் வீட்டுக்குக் குழந்தை இல்லாதது ஒரு வகையில் உதவியிருக்குமோ என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன். பிரிப்பதற்குப் பங்குகள் பெருகவில்லை. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் தள்ளிவிட முடியவில்லை.

பிப்ரவரி 4

1911 கலவரம் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், ஆயியில்தான். வெளியூர்த் திராட்சையை மலிவாக வாங்கி ஷாம்பெயின் என்று விற்கிறார்கள் என்று விவசாயிகள் கொதித்து, ஏப்ரலில் வியாபாரிகளின் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். பொலான்ஜேயை விட்டுவிட்டார்கள். சொந்தத் தோட்டம் அதிகம், வெளியூர்ச் சரக்கு இல்லை என்று ஊருக்குத் தெரியும். இன்றைக்கும் தேவையில் பெரும்பகுதி சொந்தத் திராட்சை. ஏறக்குறைய 180 எக்டேர். பீப்பாய் பழுதுபார்க்கச் சொந்தத் தச்சரும் உண்டு.

பிப்ரவரி 11

ஃபிலாக்ஸெரா வந்து போன பிறகும் ஒட்டுக் கட்டாத கொடி ஷாம்பெயினில் இருக்கிறதா என்று ஒரு தோட்டக்கலை மாணவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது, இதே வீட்டில். வேரைத் தின்கிற அந்தப் பூச்சி வந்த பிறகு ஐரோப்பாவில் பெரும்பாலும் அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டித்தான் திராட்சை வளர்க்கிறார்கள். பொலான்ஜேயின் சில சின்னத் துண்டு நிலங்களில் மட்டும் எப்படியோ பூச்சி ஏறவில்லை. அங்கே பழைய முறைப்படி கிளையை மண்ணில் புதைத்துப் பதியன் போடுகிறார்கள். வரிசை கிடையாது, கண்டபடி நிற்கும், கையாலும் குதிரையாலும்தான் வேலை. லில்லியின் எழுபதாவது வயதையொட்டி 1969 அறுவடையில் அதைத் தனி ஒயினாகப் பாட்டில் போட்டார்கள்.

மூன்று துண்டு நிலங்களில் ஒன்று, பூஸி என்ற ஊரில் இருந்த க்ருவா ரூஜ், 2004-இல் பூச்சியிடம் போய்விட்டது. ஆயியில் இரண்டு மிஞ்சியிருக்கின்றன.

பிப்ரவரி 18

"லில்லிக்குப் பிறகு யார்?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 1971-இல் க்ளோத் தொத்ஃபெய், அவருக்குப் பிறகு கிறிஸ்தியான் பிஸோ. இருவரும் லில்லியின் குடும்ப உறவினர்கள். 1994-இல் கிஸ்லேன் த மோன்கொல்ஃபியே, நிறுவனரின் கொள்ளுப்பேரன், ஆனால் பெண் வழியில். 2008-இல் முதல் தடவையாகக் குடும்பத்துக்கு வெளியே இருந்து ஒருவர், ஜெரோம் ஃபிலிப்போன். பங்குகள் மட்டும் குடும்ப நிறுவனத்தில் சேர்ந்தே கிடக்கின்றன. 2005-இல் பக்கத்து வீடான அயாலாவை அவர்களே வாங்கினார்கள்.

வெளியாள் வந்த பிறகு இதைக் குடும்பத் தொழில் என்று சொல்லலாமா? நான் சொல்வேன். 2010-இல், வெளியாள் தலைமையில், பயிற்சிக்கு வந்த ஒரு மாணவர் நிலவறையில் காலிப் பாட்டில் குவியலுக்குப் பின்னால் மறந்துபோன ஓர் அறையைக் கண்டுபிடித்தார். 1830 வரை போகிற பழைய பாட்டில்கள் உள்ளே இருந்தன. ஏலத்தில் அனுப்பினால் பெரும் பணம். பெரும்பகுதியை அவர்கள் விற்காமல், சுத்தம் செய்து, கார்க் மாற்றி, தங்களிடமே வைத்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி 19

வாங்கிக் குடித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு: ஸ்பெஷல் குவேயே போதும், விமான நிலையக் கடைகளில் கிடைக்கும். பினோ நுவார் திராட்சை 60 சதவீதம், அதனால் கொஞ்சம் கனமாக இருக்கும். ரொம்பக் குளிர வைக்காதீர்கள், வாசனை அடங்கிவிடும். ஒல்லியான கிளாஸைவிட அகலமான ஒயின் கிளாஸ் நல்லது. 'ஆர்.டி.' என்று போட்ட பாட்டில் கையில் கிடைத்தால் பின்பக்க லேபிளைப் பாருங்கள். வண்டல் எடுத்த தேதி இருக்கும். பழைய ஆண்டின் ஒயினை நெடுங்காலம் வண்டலோடு கிடத்தி, விற்பதற்குச் சற்று முன்னால்தான் வண்டல் எடுப்பார்கள். அந்த வழக்கத்தை 1967-இல் ஆரம்பித்தவர் லில்லி. முதலில் விற்றது 1952 அறுவடை.